டர்போ வேண்டாம் என்றேன்

ரெவல்ஸ்டோக், நவம்பர்

என் பிடிவாதக்காரனுக்கு,

உன் பனிவண்டியை விற்றுவிடச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் மேல் ஆள் அனுப்பினாய். விற்றுவிட்டேன். அந்தக் கையோடு புதிதாக ஒன்று வாங்கியும் விட்டேன். கத்தாதே, மேலே படி.

கடைக்கார லைல் லேசில் விடவில்லை. "டர்போ போட்டுக்கம்மா, எந்தச் சரிவா இருந்தாலும் உச்சிக்குத் தூக்கிட்டுப் போயிடும்."

"உச்சிக்குப் போறதுக்கு அவனுக்குச் சொல்லியா தரணும்? இறங்கி வர்றதுலதான் தகராறு," என்றேன். கடையே சிரித்தது.

ஆழப் பனியில் புதையாத அடியில் நீளப் பட்டை சுழலும் வண்டி. எஞ்சினில் கைவைக்கவில்லை. வேறொரு மாற்றம் மட்டும் கேட்டேன். லைல் சிரிப்பை நிறுத்திவிட்டு, அதைத் தானே உட்கார்ந்து செய்து கொடுத்தார்.

இப்போதெல்லாம் இடக்கையால் சிந்தாமல் சூப் குடிக்கிறாயாம், நர்ஸ் சொன்னாள். எல்லா வண்டியிலும் வலது கட்டைவிரலால் அழுத்துகிற ஆக்சிலேட்டர், இந்த வண்டியில் இடப்பக்கம் இருக்கிறது.

ஒருவர் சரிவில் ஏறும்போது, பனி சரிந்து மூடினால் தோண்டி எடுக்க மற்றவர் கீழே நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும் என்பது இந்த மலையில் எல்லோருக்கும் பொதுவான சட்டம். முதலில் நீ ஏறு.

இப்படிக்கு,
கீழே நிற்கப்போகிறவள்