மிஸ்வாக் குச்சி

மேடையில் ஜெயித்த மச்சானுக்கு,

நேற்று பிரமாதமாகப் பேசினீர்கள். "பொண்டாட்டியை அடிக்கச் சொல்லுதே உங்க வேதம்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் தழுதழுத்தார். "பல்லு தேய்க்கிற மிஸ்வாக் குச்சியால லேசாத் தொடுறதுதாங்க அது. வன்முறைக்கு மார்க்கத்துல இடமே இல்ல" என்று சிரித்தீர்கள். அரங்கமே கை தட்டியது.

என்னால்தான் முடியவில்லை. போன விவாதத்தில் நீங்கள் தோற்ற அன்று என் கையில் போட்ட மாவுக்கட்டை இன்னும் பிரிக்கவில்லையே.

பக்கத்தில் இருந்தவளும் தட்டவில்லை. என் கட்டையே பார்த்தாள்.

"குச்சியாலயா?" என்றாள்.

"ஆமா, குச்சிதான்."

"எங்க வீட்ல பெல்ட். உங்களுக்காக அழுதாரே வக்கீல், அவரு சம்சாரம் நான்."

உறைக்குள் இரண்டு சாவிகள் இருக்கின்றன. ஒன்று நம் வீட்டுடையது. மற்றதை வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த விவாதத்தில் மட்டும் தோற்றுவிடாதீர்கள், மச்சான். வீட்டுக்கு வந்தால் ஆள் இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் மனைவியாக இருந்தவள்