நீங்கள் என்றால் பரவாயில்லை

மார்ச் 4

இன்றைக்கும் ஒருத்தர் எச்சில் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "டாக்டர் எப்பம்மா வருவாரு?" என்றார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குகிறது. அவர் நெஞ்சைச் சோதித்துவிட்டுக் கழுவிய கை இன்னும் ஈரம் காயவில்லை. தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நகர்ந்தேன். இந்த நாட்டுக்கு வந்து நான் கற்ற பெரிய வித்தை அதுதான்.

புதிதாகச் சேர்ந்த பெண் டாக்டர் பார்த்துவிட்டாள். நம் ஊர்க்காரி. தனியாக இருக்கும்போது என்னை அக்கா என்பாள். தன்னிடம் நீட்டியிருந்தால் தட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பாளாம். கொடுப்பாள், செய்யக்கூடியவள்தான். வேலை நிரந்தரமாகும் வரைக்குமாவது வாயைக் கட்டு தாயே என்றேன்.

மார்ச் 11

எங்கள் வார்டில் ஒரு வழக்கம். நோயாளி ஒரு டாக்டரை வேண்டாம் என்றால் யாரும் வாதாட மாட்டார்கள். தலைமை நர்ஸ் அந்தப் படுக்கையைச் சத்தமில்லாமல் வேறு டாக்டருக்கு மாற்றிவிடுவார். இத்தனை வருஷம் என்னிடமிருந்துதான் மாற்றியிருக்கிறார்கள். இன்றுதான் முதல்முறையாக என்னிடம் மாற்றினார்கள்.

மூச்சுத் திணறலோடு வந்த பெரியவர். முதலில் அவரைப் பார்க்கப் போனது அந்தப் புது டாக்டர். "அந்தக் கறுப்புப் பொண்ணு என்னைத் தொடக் கூடாது" என்றாராம். நான் அவளைவிடக் கொஞ்சம் நிறம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கன்னா பரவாயில்ல" என்றார்.

எழுதவே கூசுகிறது. சந்தோஷப்பட்டேன்.

வாசலில் அவள் காத்திருந்தாள். "அக்கா, இடது கால் வீங்கியிருக்கு. நுரையீரல்ல ரத்தக்கட்டி போயிருக்கும்னு தோணுது, ஸ்கேன் எடுத்துடுங்க." எடுத்தேன். அதேதான். பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

மார்ச் 12

காலைக் கூட்டத்தில் தலைமை மருத்துவர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். சரியான நேரத்தில் கண்டுபிடித்தேனாம். நோயாளிகள் புதிய டாக்டரோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறார்கள் என்று கையோடு அதையும் சேர்த்துக்கொண்டார். இந்த மாதக் கடைசியில் அவள் வேலையை நிரந்தரமாக்குவதும் அனுப்புவதும் அவர் கையில்தான்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தது அவள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வாய் வரவில்லையே — ஏன்டி, ஏன் வரல உனக்கு?

மார்ச் 13

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போய்ச் சொல்லிட வேண்டியதுதானே?" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார்.

சொன்னால் என்னையும் அவளோடு சேர்த்து ஓரங்கட்டிவிடுவார்களோ என்று பயம். அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. தூ, என்ன பொழப்பு இது.

மார்ச் 14

தனியாக இருக்கும்போதும் என்னை "டாக்டர்" என்றாள்.

மார்ச் 19

சொல்லிவிட்டேன். தலைமை மருத்துவர் அறைக்கே போய், கண்டுபிடித்தது அவள், நான் அல்ல என்றேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்குப் பெரிய மனசு. ஆனா நோயாளிங்க அவங்ககிட்ட வர மாட்டேங்கிறாங்களே, நான் என்ன பண்றது?"

நான் சொன்ன உண்மை அவருக்குத் தயவாகப் பட்டிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு சொன்னால் அப்படித்தான் படும். அவளிடமும் போய்ச் சொன்னேன், பெரிய காரியம் செய்துவிட்டவள் மாதிரி.

"அன்னைக்குக் கூட்டத்துல சொல்லியிருந்தா எல்லாரும் கேட்டிருப்பாங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 31

அனுப்பிவிட்டார்கள். நோயாளிகளோடு இணக்கம் போதவில்லையாம். அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தவளுக்குக் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் டாக்டர், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

ஏப்ரல் 2

அவள் படுக்கைகளும் இனி எனக்குத்தான்.

அதில் ஒன்றில் வயிற்று வலிக்காரர். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு டாக்டரை வரச் சொன்னார். தலைமை நர்ஸ் வழக்கம்போல மாற்றுவதற்குக் கிளம்பினார். வேண்டாம் சிஸ்டர் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்க டாக்டர் நான்தான். எங்க வலிக்குதுன்னு காட்டுங்க."

கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு சட்டையைத் தூக்கினார். அவ்வளவுதான். அடக்கடவுளே, இவ்வளவேதானா?

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? வைத்துவிட்டேன்.