சுத்தமான பதிவேடு

நெய்வேலி

சேத்தியாத்தோப்பில் தாய் வீட்டிலேயே தங்கிவிட்ட என் மனைவிக்கு,

என் நிலையத்துத் தீயணைப்பு வீரர்கள் நெருப்பில் தயங்காமல் இறங்குவார்கள். நாலு வரி எழுதச் சொன்னால் தப்பும் தவறுமாகக் கிறுக்குவார்கள். தற்குறிகள்! ஷிப்ட் மாறும்போது பழுதான சாமான்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து, எல்லார் முன்னாலும் உரக்கப் படித்துக் காட்டினேன். இப்போது பதிவேடு சுத்தமாக இருக்கிறது. ஒருவனும் எழுதுவதில்லை.

நேற்று வடலூர் ரோட்டில் வைக்கோல் லாரி எரிந்தது. தண்ணீர் அடிக்கும்போது ஹோஸ் பைப் இணைப்பு கழன்று அடித்ததில் எங்கள் வீரன் வஹீதின் கை முறிந்துவிட்டது.

“லூசா இருந்தது தெரியும் சார். எழுதினா படிச்சுக் காட்டிச் சிரிப்பீங்க” என்கிறான். திமிர்.

உன் கடிதத்தையும் திருத்தித்தான் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்தும் ஒரு பிழைகூட வரவில்லை.

இப்படிக்கு,
உன் கணவன்