ஸஹனின் மறுபாதி

காயல்பட்டினம்

அன்பு அஃப்ஸலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லோரும் நலம். ஷார்ஜா வெயில் உன்மேல் கொஞ்சம் இரக்கம் காட்ட துஆச் செய்கிறேன்.

வீடியோவில் என்னைப் பார்த்து, "ஏலே, பாதி ஆளை எங்கன விட்டுட்டு வந்தே?" என்று சிரித்தாய். என் வீட்டுக்காரி பதுருன்னிஸா பக்கத்தில் இருந்ததால் நானும் சிரித்து வைத்தேன். போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கெட்ட கொழுப்பு இறங்கிவிட்டது. நல்ல கொழுப்பு மெல்ல ஏறுகிறது. இன்சுலின் ஊசியை நிறுத்தியாயிற்று, பிரஷருக்கு ஒரே மாத்திரைதான். விட்டமின் மட்டும் ஆயுசுக்கும் போட வேண்டுமாம். தூத்துக்குடி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டார். அல்ஹம்துலில்லாஹ், குறை சொல்ல வாயில்லை. அந்த வாய்க்கும் இப்போது நாலு கவளத்துக்கு மேல் வேலையில்லை.

கல்யாண வீடுகளில் இருவருக்கு ஒரு பெரிய தட்டு என்று நம்மை ஒரே ஸஹனில் உட்கார வைத்தால், பரிமாறுகிறவர்கள் நெய்ச்சோற்றுச் சட்டியோடு பக்கத்திலேயே நிற்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? களறிக்கறியில் நல்ல எலும்பை நீ என் பக்கம் தள்ளுவாய். நான் கத்திரிக்காயை உன் பக்கம் தள்ளுவேன். தட்டு காலியாகும்வரை பேச்சே இருக்காது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நாக்கு ஊறுகிறது, வயிறுதான் கேட்பதில்லை.

பெருநாளுக்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். என்னோடு ஒரு வெளியூர்ப் பையன் உட்கார்ந்தான். நாலு கவளத்தில் நான் கையை எடுத்தேன். பெரியவர் எடுத்துவிட்டாரே என்று அவனும் எடுத்துவிட்டான். "என்ன காக்கா, கறி சரியில்லையா?" என்று கல்யாண வீட்டுக்காரர் முகம் வாடிக் கேட்டார். பாவம், அந்தப் பையன் பசியோடு எழுந்தான். அடுத்த கல்யாணத்தில், பக்கத்தில் இருப்பவருக்காக நிறுத்தாமல் சாப்பிட்டேன். வீடு வருவதற்குள் எல்லாம் வாந்தியாகிவிட்டது. அதன்பிறகு எந்த விருந்துக்கும் நான் போவதில்லை.

இப்போது நம் ஸஹ்லாவுக்கு நிக்காஹ் குறித்திருக்கிறது. பெண்ணைப் பெற்றவன் எங்கே போய் ஒளிவது? எனக்கு மட்டும் தனித்தட்டு வைத்துவிடலாம் என்கிறாள் பதுருன்னிஸா. அவள் சொல்வது நியாயம்தான். ஆனாலும் மகள் கல்யாணத்தில் தனித்தட்டில் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை, அஃப்ஸல். அவள் அப்படிச் சொன்ன இரவு அதை நினைத்து அழுதுவிட்டேன்.

லீவு கிடைப்பது கஷ்டம் என்றாய். தெரியும். எப்படியாவது கேட்டு வாங்கி வந்துவிடு. என் ஸஹனில் நீதான் உட்கார வேண்டும். நான் கையை எடுத்ததும் மரியாதை பார்த்து நீயும் எடுத்துவிடாதே. என் பங்கையும் சேர்த்து நீ சாப்பிடு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும் எனக்கு.

அல்லாஹ் உனக்குப் பசியைக் குறையாமல் தரட்டும்.

உன்,
அபுல் ஹஸன்