நாற்பதடி வண்டி திரும்பிய இடம்

பாய்,

இன்று காலை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் கரையேறும்போது அந்த வாடை வந்தது. கறுப்புப் பூச்சு பூசிய பெரிய குழாய் வெயிலில் காயும்போது வருமே, தாரும் ரப்பரும் கலந்தது போல, அது. திரும்பிப் பார்த்தால் எங்கள் வயலோரத்து ரோட்டு வளைவில் ஒரு டிரெய்லர். மூன்று குழாய்களைச் சங்கிலி போட்டுக் கட்டி, பின்னால் சிவப்புத் துணி ஆட வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் யாரென்று தெரியவில்லை. ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் செல்போன். ஒரே திருப்பில் வளைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு சுவர் இருந்தது என்று சொன்னால் அவர் நம்புவாரா? உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. போனவருக்கு எழுதி என்ன ஆகப் போகிறது என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். ஆகாவிட்டால் போகிறது.

சுனாமி வந்து மூன்றாம் வருஷம். பொங்கலுக்கு முந்தின வாரம். கதிர் முற்றித் தலை சாய்ந்து, தண்ணீரை வடித்துவிட்டு, அறுப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். துறைமுகத்தில் இறங்கிய குழாய்களெல்லாம் மீஞ்சூர், பொன்னேரி வழியாக எங்கள் ஊர் ஏரிக்கு அந்தாண்டை குழாய் பதிக்கிற இடத்துக்குப் போக வேண்டும். அதற்கு இருந்தது எங்கள் ஊர் ரோடு ஒன்றுதான். அந்த ரோடு வளைகிற இடத்தில் உள்பக்கம் எங்கள் வயல். வெளிப்பக்கம் ரைஸ் மில்லின் காம்பவுண்டு சுவர்.

குருவி விரட்டலாம் என்று போன நான் என் வரப்பின் மேல் ஜேசிபி நிற்பதைப் பார்த்தேன். அதன் பின்னால் இடிபாட்டுக் கல் ஏற்றிய டிப்பர். அதற்கும் பின்னால் குழாய் ஏற்றிய மூன்று டிரெய்லர்கள். மஞ்சள் தொப்பி போட்ட சைட் மேனேஜர் ரோட்டில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது? எங்க நெலத்துல இன்னா பண்றீங்க?"

"கார்னர் மட்டும் நிரவுறோம்மா. வண்டி திரும்பணும்ல. அப்புறமா பேசிக்கலாம்."

"நெல்லு நிக்குது சார். இன்னும் பத்து நாள்ல அறுப்பு."

"இது கவர்மெண்ட் வேலைம்மா. உன் பத்து நாளுக்கெல்லாம் நிக்காது."

 இறங்கிப் போய் அந்த மூலையில், நெல்லுக்கு நடுவில் நின்றுகொண்டேன். ஜேசிபிக்காரர் கொம்பை மேலே தூக்கி அப்படியே நிறுத்திவிட்டார். மேனேஜருக்குக் கோபம். முதல் டிரெய்லரைப் பார்த்துக் கத்தினார்: "பாய், நீ வண்டிய எடு. சக்கரம் கிட்ட வந்தா தானா நவுந்துடும்."

முதல் டிரெய்லரில் இருந்தது நீங்கள். வண்டி அசைந்தது. ஒரு அடியோ இரண்டு அடியோ. பிறகு எஞ்சின் சத்தம் நின்றது. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினீர்கள். அதுவரை என்னை மிரட்டவோ கெஞ்சவோ வருகிற ஆள்களைத்தான் பார்த்திருந்தேன். நீங்கள் வரப்பு வரைக்கும் வந்து சொன்னது வேறு.

"தங்கச்சி, அங்க நிக்காத. பின்சக்கரம் உள்ள வெட்டுற எடம் அது. கண்ணாடியில கூட எனக்குத் தெரியாது. நிக்கறதுன்னா என் முன்னால வந்து நில்லு. நான் பாக்குற எடத்துல நில்லு."

நகரச் சொல்லவில்லை பாய். சரியான இடத்தில் நிற்கச் சொன்னீர்கள். நான் வந்து உங்கள் வண்டியின் முகத்துக்கு நேராக நின்றேன்.

மேனேஜர் இரண்டாவது வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "நீ வந்து இவன் வண்டிய எடு" என்றார். அவர் இறங்கிக்கூட விட்டார். நீங்கள் திரும்பி, "எடு. சாவி என் பாக்கெட்ல கீது. வந்து எடுத்துக்கோ" என்றீர்கள். அவர் போய்த் தன் வண்டி நிழலில் உட்கார்ந்துகொண்டார். டீக்கடையிலிருந்து டீ வந்தபோது உங்கள் கை நடுங்கி டம்ளரிலிருந்து சட்டையில் சிந்தியது. நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். பார்த்தேன். அதனால்தான் எனக்குத் தைரியம் வந்தது. பயமே இல்லாத ஆளாக நீங்கள் இருந்திருந்தால், இது அவருக்குப் பழக்கம், நமக்கு ஆகாது என்று நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துச் சைக்கிளில் வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "இன்னாத்துக்கு இந்த பேஜாரு? ஒரு மூலை தான, வுட்டுட்டு ஊட்டுக்கு வா" என்றார். நான் பதில் சொல்வதற்குள் நீங்கள் அவரைக் கூப்பிட்டீர்கள். "மச்சான், இந்தக் கயித்த ஒரு பக்கம் புடி."

குழாய் கட்டுகிற கயிறு அது. அவரும் ஒன்றும் புரியாமல் பிடித்தார். ரோடு நேராக வருகிற இடத்தில் குறுக்கே அளந்தீர்கள். பிறகு வளைவில், வரப்புக்கும் மில் சுவருக்கும் நடுவே அளந்தீர்கள். கயிற்றில் ஆள் நீளத்துக்கும் மேலே மிச்சம் தொங்கியது. அதைக் கையில் தூக்கிப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இத்தினி ரோடு எங்க போச்சு?" என்று கேட்டீர்கள்.

பிறந்ததிலிருந்து அந்த வளைவில் நடக்கிற எங்களுக்கு அது தோன்றவில்லை. மில் சுவர் என்றால் அது அங்கேதான் இருக்கும், மலை மாதிரி. "அந்தச் சுவரு இல்லன்னா முகத்த வெளிய எடுத்து வளைப்பேன் சார். பின்சக்கரம் இவங்க வரப்பைத் தொடாது. சுவத்த இடிங்க, வண்டி போவும்" என்று மேனேஜரிடம் சொன்னீர்கள்.

மில்காரர் வெளியே வந்தார். எங்கள் ஊரில் அவர் எதிரே யாரும் குரலை உயர்த்துவதில்லை. "எந்த ஊரு ஆளுய்யா நீ? எங்க ஊர் வெவகாரத்துல உனக்கு இன்னா?"

"எனக்கு நாப்பதடி வண்டி கீது. அது திரும்பணும். அதான் எனக்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எங்கள் ஊரில் முதலில் கேட்ட எதிர்ப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

போலீஸ் வந்தது. மேனேஜர் நிலம் எடுத்த ஆர்டர் என்று ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார். "அதுல இந்த சர்வே நம்பர் கீதான்னு மட்டும் பாருங்க சார்" என்றீர்கள். எஸ்.ஐ. பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். இல்லை. ஏரிக்கு அந்தாண்டை நிலங்கள்தான் இருந்தன. "சர்வேயர் வரட்டும், அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சர்வேயர் வர மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் பகலெல்லாம் நான் வரப்பில். நீங்கள் வண்டியில். இரண்டாம் நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தூக்கு இரண்டு கொண்டுவந்தார். ஒன்று எனக்கு. இன்னொன்றை உங்களிடம் கொடுத்துவிட்டு, உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அவர் ஷிப்டுக்குப் போகவில்லை.

அப்போதுதான் நான் கேட்டேன், உங்களுக்கு ஏன் இந்த வம்பு என்று. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னீர்கள். "ரெண்டு வருசம் முன்ன கடம்பத்தூர் பக்கம் இதே மாதிரி ஒரு கார்னரு. ஏத்துன்னாங்க, நெல்லு மேல ஏத்திட்டேன். நெலத்துக்காரரு ஓரமா நின்னு பாத்துக்கினே இருந்தாரு. ஒரு வார்த்த பேசல. திட்டியிருந்தாலும் மறந்திருப்பேன். அந்த மொகத்த வெச்சிக்கினு எப்பிடி ஓட்டறது, சொல்லு."

சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தார். சுவர் எட்டரை அடி ரோட்டுக்குள் இருந்தது. மில்காரர் யார் யாருக்கோ போன் செய்து பார்த்தார். ஆனால் குழாய்கள் காத்திருந்தன, வேலை நின்றிருந்தது. இந்த முறை அவசரம் எங்கள் பக்கம் இருந்தது. நாலாம் நாள் காலையில், என் வரப்பை வெட்ட வந்த அதே ஜேசிபி சுவரைத் தள்ளியது.

முதல் வண்டியை நீங்களே எடுத்தீர்கள். முகத்தை மில் பக்கம் வெளியே கொண்டுபோய், பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் வந்து வளைத்தீர்கள். நான் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரப்புக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண். ஒரு நெல்மணி உதிரவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பாத்தியா தங்கச்சி?" என்றீர்கள். பார்த்தேன் பாய்.

அன்று சாயங்காலமே டிரான்ஸ்போர்ட்டில் உங்களிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். துறைமுகத்து லோடு எதுவும் உங்களுக்குக் கிடையாது என்று மற்ற முதலாளிகளுக்கும் சொல்லி வைத்தார்கள். அறுப்பு முடிந்து, புது அரிசி ஒரு மூட்டையோடு நானும் அவரும் பழவேற்காட்டில் உங்கள் வீட்டைத் தேடி வந்தபோதுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பு லோடு அடிக்கிற ஒரு ஓட்டை லாரியை ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னால்தானே என்றேன்.

உங்களுக்குக் கோபம் வந்தது. "நீ இன்னா பண்ணே? எஞ்சின ஆஃப் பண்ணது நானு. அதப் போயி உன் கணக்குல எழுதிக்காத." பிறகு உங்கள் வீட்டம்மாவைப் பார்த்து, "மீன் வெச்சிட்டியா? இவங்க நாஷ்டா கூட துன்னாம வந்துகிறாங்க" என்றீர்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் எத்தனை அறுப்பு, எத்தனை ரம்ஜான். எங்கள் வீட்டுப் பெண் கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் நீங்கள் நின்றதை மில்காரர் வீட்டு ஆள்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு சர்க்கரை வந்தது. கால் புண்ணானது. கிளட்ச் மிதிக்க முடியாமல் வண்டியை விட்டீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுகூட டாக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். மூன்றாம் நாள் செய்தி வந்தது.

உங்கள் வீட்டு வாசலில் அன்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு டிரான்ஸ்போர்ட்காரர் சொன்னார்: "நல்ல மனுஷன். கொஞ்சம் அனுசரிச்சிப் போயிருந்தா எங்கியோ போயிருப்பாரு." எல்லாரும் தலையாட்டினார்கள். சாவு வீடு, பேசக் கூடாதுதான். நான் பேசினேன். "எங்க போயிருப்பாரு? என் நெல்லு மேல தான போயிருப்பாரு?" என்றேன்.  உள்ளேயிருந்து உங்கள் வீட்டம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அனுசரித்துப் போ என்று என்னிடமும் சொல்கிறார்கள் பாய். வயது அறுபதை நெருங்குகிறது, முட்டி வலிக்கிறது, இனி உனக்கெதற்கு என்கிறார்கள். பக்கத்து ஊரில் ஏதோ கம்பெனிக்கு வழி போடுகிறோம் என்று சொல்லி, கேட்காமலே நாலு பேர் வயலில் கல் நட்டிருக்கிறார்கள். அந்த வயல்காரர்களில் இரண்டு பெண்கள் போன வாரம் என்னைத் தேடி வந்தார்கள். தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போய் வரைபடத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த எழுத்தர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "நீ யாரும்மா இவங்களுக்கு? சொந்தமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேறென்ன சொல்வது? நீங்களும் எனக்குச் சொந்தமில்லை.

வெள்ளிக்கிழமை திருவள்ளூரில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். நாங்கள் பதினான்கு பேர் ரயிலேறிப் போகிறோம். முதல் வரிசையில் உட்காருவதாக முடிவு செய்திருக்கிறோம். என் வீட்டுக்காரரும் முணுமுணுத்துக்கொண்டே கிளம்புகிறார்.

இப்படி எழுதுகிற கடிதத்தை அமைதியாகத் தூங்குங்கள் என்று முடிக்க வேண்டுமாம். நீங்கள் எந்தக் காலத்தில் அமைதியாக இருந்தீர்கள்? நான் அப்படி எழுத மாட்டேன்.