சீமெண்ணெய்ச் சொம்பில் வந்த வாட்ச்

12-5-75, திங்கள்

கத்திரி வெயில். ஏழு மணிக்கே வராந்தா சிமெண்டில் கால் வைக்க முடியவில்லை. கிணற்றில் தண்ணீர் அடிமட்டம்.

எட்டு மணி ரேடியோ பிப் சத்தத்துக்கு என் வாட்சுகளைச் சரிபார்த்தேன். சுவிஸ்: நேற்றிலிருந்து நாலு வினாடி கூடுதல். பெங்களூர்: பதினோரு வினாடி குறைவு. மூன்றாவது, கல்யாணத்தில் அவர் போட்ட சின்னத் தங்கமுலாம் வாட்ச். சாவி கொடுத்து வைத்ததோடு சரி. அழகுதான், ஆனால் வினாடி முள் கிடையாது. நாடி பார்க்க உதவாது.

ஆண்கள் வாட்ச் கட்டுகிறேன் என்று புது கம்பவுண்டருக்கு இன்றும் சிரிப்பு. "இன்னா சிஸ்டர், சாரோட வாட்சை மாத்திக் கட்டிகினு வந்துட்டீங்களா?" மணிக்கட்டிலிருந்த சுவிஸைப் பார்த்தேன். பெரிய வெள்ளை டயல், கறுப்பு எண்கள், மயிர் போலச் சிவப்பு வினாடி முள். பத்து வருஷமாகப் பார்க்கிறேன், அலுக்கவில்லை.

பதினோரு மணிக்குக் கூட்டம் கலைந்ததும் கன்னியப்பன். இங்கே மாமல்லபுரம் குப்பத்தில் கட்டுமரம் வைத்திருப்பவர். மூன்று வருஷம் முன்பு காலில் திருக்கை முள் ஏறி வந்தபோது நான்தான் கட்டுப் போட்டேன். கையில் பித்தளைச் சொம்பு, மேலே இலை மூடி. பால் என்று நினைத்தேன். சீமெண்ணெய் வாடை.

"வாட்சு நர்ஸம்மா. கடல்ல வுழுந்துட்ச்சு. நீங்க பிரிச்சுப் பாப்பீங்கன்னு சொன்னாங்கோ."

"சீமெண்ணெயில போடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. நல்ல தண்ணியில மூணு தபா அலசுனேன். தூண்டி முள்ளு துரு ஏறாம இருக்க சீமெண்ணெயிலதான போட்டு வெப்போம். இதுவும் இரும்புதானேன்னு..."

படித்தவர்கள் நனைந்த வாட்சை இரண்டு நாள் வெயிலில் காயவைத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். உள்ளே துரு பூத்திருக்கும். இவர் செய்ததுதான் சரி என்று சொன்னேன். காதில் விழவில்லை. கண் சொம்பிலேயே.

விஷயம் இது. மகள் அஞ்சலைக்கு 23ஆம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை ஏழுமலை, புதுப்பட்டினம், கல்பாக்கம் கட்டுமான வேலையில் ஃபிட்டர். மாப்பிள்ளைக்குப் போட என்று ஒரு வருஷம் சேர்த்து வாங்கிய வாட்ச். பெட்டியை மஞ்சள் துணியில் கட்டி டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறது மனைவி. இவர் வீட்டுக்குத் தெரியாமல் எடுத்துக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறார். திரும்பும்போது கரையோர அலை மரத்தைக் கவிழ்த்துவிட்டது.

"ஏன் கட்டிக்கிட்டுப் போனீங்க?"

"நாப்பது வருசமா போறேன் நர்ஸம்மா. போவ எவ்ளோ நேரம், வர எவ்ளோ நேரம்னு ஒரு நாளாவது மணி பாத்துத் தெரிஞ்சிக்கணும்னு ஆசை. அவுங்க கையில குடுத்துட்டா அப்புறம் எனக்கு ஏது வாட்சு? இருட்டுல முள்ளு பச்சையா மின்னுச்சு. அப்பிடியே பாத்துகினே போனேன்."

நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்தார் போல. எப்படித் திட்டுவது. நானாக இருந்தாலும் கட்டிக்கொண்டுதான் போயிருப்பேன்.

வாங்கிக்கொண்டேன்.

13-5-75, செவ்வாய்

புளித்துவிட்டது மாவு. தோசை.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை குவார்ட்டர்ஸில் ஜன்னலோரம். வெள்ளை எனாமல் தட்டு, திருகு எடுக்கச் சாமணம், கண்ணில் மாட்டும் லென்ஸ், வெள்ளைப் பெட்ரோல், பழைய வெள்ளைப் புடவைத் துண்டு. மின்விசிறி கூடாது. ஒரு திருகு பறந்தால் தேடி மாளாது.

பின்மூடி திறந்தேன். சீமெண்ணெய் மெழுகிய மாதிரி எல்லாம் பளபளவென்று. பதினேழு சிவப்புக் கல்லும் மாதுளை முத்து மாதிரி. என்ன வேலைப்பாடு! யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் உள்பக்கத் தகடு முழுக்க அலை அலையாகக் கோடு இழைத்திருக்கிறான் எவனோ. அவன் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

பார்த்தவை:
பெரிய ஸ்பிரிங் – சரி.
பல் சக்கரங்கள் – சரி. ஒன்றில் மணல், ஒரே ஒரு துகள்.
டயல் – ஏழுக்குப் பக்கத்தில் நீர்க்கறை. போகாது.
சாவித் தண்டு – லேசாகத் துரு. துடைக்கலாம்.
ஹேர் ஸ்பிரிங் – இங்கேதான் வம்பு. தலைமுடியைவிட மெல்லிய சுருள். வெளிச்சுற்றின் நுனியில் துரு.

இந்தச் சுருள் விரிந்து சுருங்குவதுதான் வாட்சுக்கு மூச்சு. வினாடிக்கு ஐந்து தட்டு, நிமிஷத்துக்கு முந்நூறு. பிறந்த குழந்தையின் நெஞ்சு நூற்று நாற்பதுதான்.

மூன்றேகாலுக்கு ஊசி போட ஓட வேண்டியிருந்தது. கையில் பெட்ரோல் வாடை. ஒரு கிழவர் மூக்கைச் சுளித்தார்.

15-5-75, வியாழன்

கர்ப்பிணிகள் நாள். முப்பத்தொரு பேர். காற்றே இல்லை.

அண்ணிக்குத் துணையாக வந்திருந்தது ஒரு பெண். உயரம், கறுப்பு, நல்ல பல். அண்ணியை எடை மேடையில் ஏற்றிவிட்டு என் பக்கம் வந்து மெதுவாக, "நர்ஸக்கா, எங்க நைனா இங்க வந்தாரா?"

அஞ்சலை. நான் பிடி கொடுக்கவில்லை. அதுவே சொன்னது:

"பொட்டி மேல கட்டுன துணியில முடிச்சு மாறிப்போயி கீது. எங்கம்மா அப்பிடி முடியாது. அது வலைக்குப் போட்ற முடிச்சு. தொறந்து பாத்தேன், காலி. எங்கம்மா டெய்லி வர்றவங்க போறவங்க கையில துணியப் பிரிக்காம அப்பிடியே பொட்டியக் குடுத்துக் காமிக்குது. அதான் ஒரு ஈயக்குண்டை உள்ள வெச்சு, அம்மா மாதிரி முடிச்சு போட்டு வெச்சுட்டேன்."

வலையில் தொங்கவிடும் ஈயக்குண்டு! வாட்ச் எடைக்குச் சரியாகப் பார்த்து எடுத்தாயா என்றேன். "நாலு குண்டு தூக்கிப் பாத்துத்தான் எடுத்தேன்" என்று சிரித்தது. உடனே கண் கலங்கியது.

"நைனா நாலு நாளா சரியா துன்றதில்ல. சரியாவுமாக்கா?"

"பாக்குறேன்."

"எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

ஒரே வீட்டில் இரண்டு ரகசியம். இரண்டும் இப்போது என்னிடம்.

17-5-75, சனி

மதியம் டியூட்டி முடித்து வழக்கம்போல் செங்கல்பட்டு வீட்டுக்கு. திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டே. வாட்சைப் பிரித்தபடியே பஞ்சு வைத்த ஊசிமருந்துப் பெட்டிகளில் அடுக்கி மடியில். பக்கத்து அம்மாள்: "இன்னாம்மா, முட்டையா?"

பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே காதர் பாய் வாட்ச் கடை. ஹேர் ஸ்பிரிங்கைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த மாடலுக்குக் கைவசம் இல்லை, மெட்ராஸில் சொல்லிவைத்தாலும் ஒரு மாதம் ஆகும். மேஜை டிராயரில் அதே கம்பெனி வாட்ச் ஒன்று தூங்குவதை நானே பார்த்தேன். கேட்டேன்.

"அது கஸ்டமரோடது சிஸ்டர். ரிப்பேருக்குக் குடுத்துட்டுப் போனவரு ஏழு வருஷமா வரல."

"இனிமேயா வரப்போறார்?"

"வந்தா இன்னா சொல்றது? அது அவரு சாமான்."

சின்ன உறையில் அந்த ஆளின் பேர், தேதி, எல்லாம் அழகான கையெழுத்தில். கோபம் வந்தது. திரும்பி நடக்கும்போது கோபம் போய், என் வாட்சை இவரிடம் விட்டுவிட்டுச் செத்தாலும் பத்திரமாக இருக்கும் என்று தோன்றியது.

18-5-75, ஞாயிறு

வேறு வழியில்லை. இருக்கிற சுருளையே பிழைக்கவைக்க வேண்டும்.

வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே, காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தேன். நான் கேட்காமலே வீட்டுக்காரர் மின்விசிறியை நிறுத்தினார். பேப்பர் படிக்கிற சாக்கில் எதிரிலேயே. பக்கம் புரட்டும் காற்றுகூட வரக்கூடாது என்று ஒரே பக்கத்தை இரண்டு மணி நேரம் படித்தார். பனியன் தொப்பல். இந்த மனுஷனைப் பற்றி நான் எங்கும் எழுதிவைத்ததில்லை. எழுதிவைக்கிறேன்.

பெட்ரோலில் ஊறவைத்து, தீக்குச்சியைச் சீவி, மெல்ல மெல்லத் துரு எடுத்தேன். பத்தரைக்கு வெளிநுனி ஒடிந்தது. அரிசியில் பாதி நீளம். சத்தம்கூட இல்லை.

எழுந்துபோய் முகம் கழுவினேன். அவர்: "அவ்வளவுதானா?"

"தெரியல."

ஒடிந்த இடத்துக்கு முன்னால் இரும்பு சுத்தம். அங்கேயே மறுபடி பூட்டினேன். நாலு முறை தவறியது. ஐந்தாவது முறை நின்றது. சுருளோடு சேர்ந்து ஆடும் சக்கரத்தை அதன் இடத்தில் இறக்கி, திருகு முடுக்கி, சாவி இரண்டு சுற்று.

ஓடியது.

அவரிடம் லென்ஸைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "அடேயப்பா" என்றார். மின்விசிறியைப் போட்டார்.

ஆனால் சுருள் குட்டையானால் வாட்ச் வேகம் பிடிக்கும். மூன்று மணி நேரத்தில் இரண்டரை நிமிஷம் முன்னால். நாள் கணக்கில் இருபது நிமிஷம். கட்டிக்கொள்ள லாயக்கில்லை.

19-5-75, திங்கள்

முதல் பஸ்ஸுக்கு முன் காதர் பாய் வீட்டுக் கதவைத் தட்டினேன். விஷயம் சொன்னதும் முகம் மலர்ந்தது. ஒடிந்ததை நானேதான் பூட்டினேனா என்று இரண்டு தரம் கேட்டார். கடையைத் திறந்து மடித்த காகிதம் ஒன்று தந்தார். உள்ளே செம்பு வளையங்கள், கடுகில் கால் பங்கு. அந்த ஆடும் சக்கரத்தின் திருகுகளுக்கு அடியில் போட்டால் சக்கரம் கனக்கும், வேகம் குறையும்.

"எதிரும் புதிருமா போடுங்க சிஸ்டர். ஒரு பக்கம் மட்டும் போட்டா நொண்டும்."

இங்கே வந்து சேர ஒன்பதரை. லேட்.

20-5-75, செவ்வாய்

மதியம் வளையங்கள் போட்டாகிவிட்டது. இரண்டு இரண்டாக, நாலு. ஒன்று தும்மலில் போயே போச்சு. நல்லவேளை பாய் கூடுதலாகத் தந்திருந்தார்.

வார்டில் இரட்டைப் பிரசவம். இரண்டும் பெண். 4.12, 4.31. என் சுவிஸ் சொன்னது.

22-5-75, வியாழன்

நேற்று எட்டு மணி பிப்பிலிருந்து இன்று எட்டு மணி பிப் வரை: மூன்று நிமிஷம் கூடுதல். இதற்கு மேல் என்னால் முடியாது.

கன்னியப்பன் வந்தார். காதில் வைத்துக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நேரம். டயல் கறையை விரலால் தேய்த்தார்.

"நாளுக்கு மூணு நிமிஷம் முன்னாடி ஓடும். உள்ளே ஒரு இடத்துல ஒட்டுப் போட்டது. நல்லா ஓடும், ஆனா புதுசு இல்ல" என்றேன்.

"மாப்ளைக்கு சொல்லணுமா நர்ஸம்மா?"

"அது உங்க இஷ்டம்."

"அவுங்க தாய்மாமன் ஒரு மாதிரி. பொண்ணு வாழப்போற எடம்."

மடியில் முடிந்துகொண்டு போனார். அஞ்சலை சொன்னதை நான் சொல்லவில்லை. நாளைக்குக் கல்யாணத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

23-5-75, வெள்ளி

குப்பத்துக்குக் காலை ஆறுக்கே போனேன். பச்சை ஓலைப் பந்தல், மைக் செட் அலறல். கன்னியப்பன் என்னைத் தனியே கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது.

"நேத்து சாய்ங்காலம் வாட்ச உள்ள வெக்கலாம்னு பொட்டியத் தொறந்தேன். உள்ள ஈயக்குண்டு. அவங்கம்மான்னா ஊரையே கூட்டியிருக்கும். எம்பொண்ணுதான் நர்ஸம்மா. பத்து நாளா என் பொய்யைக் காப்பாத்திகினு இருந்துகீது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுகிற கட்டம். கையைப் பிடித்தவர் போடவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னார்: "மாப்ளே, இது புது வாட்சு இல்ல. வாங்குனது புதுசுதான். மணி பாக்கணும்னு நான் கட்டிகினு கடலுக்குப் போனேன். தண்ணியில வுழுந்துட்ச்சு. நர்ஸம்மா சரி பண்ணிக் குடுத்தாங்க. ஒரு நாளைக்கு மூணு நிமிசம் முன்னாடி ஓடும். சொல்லாம குடுக்க மனசு வரல."

மனைவி வாயில் கை வைத்துக்கொண்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தார். "கடல்ல வுழுந்ததையா போட்ற? இன்னா அண்ணாத்த, இதான் மரியாதையா?"

அஞ்சலை தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தது. மாப்பிள்ளையை அல்ல.

ஏழுமலை மாமனைப் பார்க்கவே இல்லை. "போவ எவ்ளோ நேரம் ஆச்சு மாமா?" என்றான், கன்னியப்பனிடம்.

கன்னியப்பனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "ஒரு மணி இருவது நிமிசம். திரும்பி வர்றது பாக்க முடியல. அலை கவுத்துட்ச்சு."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. ஏழுமலை மணிக்கட்டை நீட்டினான். "போடுங்க. மூணு நிமிசம் முன்னாடி ஓடுனா ஷிப்டுக்கு லேட்டே ஆவாது."

மாமன் உட்கார்ந்துவிட்டார். கன்னியப்பனுக்கு வாரைப் பூட்ட வரவில்லை. அஞ்சலைதான் பூட்டியது.

சாப்பாடு: வடை, பாயசம், கத்திரிக்காய் சாம்பார். இரண்டு தரம் பாயசம்.

24-5-75, சனி

கொஞ்சம் மேகம். தூறல் இல்லை.

பதினோரு மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள், புதுப்பட்டினம் போகிற வழியில். புதுப்புடவை, மல்லிகை, கையில் பலகாரத் தூக்கு. ஏழுமலை வாட்சைக் கழற்றி நீட்டினான். "தொறந்து காட்டுவீங்களா சிஸ்டர்? நான் பெரிய பெரிய பம்பெல்லாம் பிரிச்சுப் பூட்டியிருக்கேன். இவ்ளோ சின்னதுல எப்பிடின்னு..."

ஜன்னலோரம் உட்காரவைத்து, பின்மூடி திறந்து, லென்ஸ் கொடுத்தேன். அவன் பார்த்தான். எங்கே ஒடிந்தது, எப்படிப் பூட்டினேன், எந்தத் திருகு, எல்லாம் கேட்டான். சரியான கேள்விகள். "ஒடிஞ்ச எடம் எதுன்னு கண்டுபுடிக்க முடியல சிஸ்டர்" என்றான். பத்து வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு அஞ்சலை. முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் அசையவே இல்லை.

"மூச்சு வுடுதுக்கா."

ஏழுமலை எட்டிப் பார்த்து, "போதும், குடு" என்றான்.

"இருய்யா. இப்பதான் கண்ணு நின்னுது."

வெளியே பஸ் ஹாரன். அவன் வாசல் வரை போனான். பார்த்தான். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"நீ பாரு. அடுத்த பஸ்ஸுல போவலாம்."