ரோட்டைத் தாண்டுகிறவர்களின் கணக்கு

கிள்ளான்,
செவ்வாய், மத்தியானம்

அன்புள்ள அப்பாவுக்கு, தாமரை வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒளித்து வைக்காமல் சாப்பிடுங்கள். போனில் சொன்னால் கத்துவீர்கள், அதனால்தான் கடிதம்.

இங்கே ஹைவே வந்து ஒரே தாமானை, முழுக் குடியிருப்பையும், இரண்டாக வெட்டிவிட்டது. நடைபாலம் கட்ட அரசாங்க மானியம் கேட்டு எங்கள் ஆபீஸ் மனு போடுகிறது. தினமும் யார் யார் ரோட்டைத் தாண்டுகிறார்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை. போலீஸ் சம்மன் அனுப்பி அபராதம் போடுமோ என்று பயந்து ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து பூத்தட்டோடு எங்கள் பக்கத்துக் கோயிலுக்கு வந்து நின்ற லோகேஸ்வரி ஆன்டியே, “நான் தாண்டறதே இல்லமா” என்றார்.

“இப்படியே சொன்னா பாலம் வராது ஆன்டி.”

“அப்ப முதல்ல உன் பேர எழுது லா! டெய்லி என் வீட்டுக்கு ஓடி வந்து சாப்பிடறது யாரு?”

எழுதினேன், அப்பா. அதைப் பார்த்த பிறகு நூற்றுப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். தாண்டும் காரணத்துக்கு வேலை, பள்ளி, கோயில், கடை, மற்றவை என்று படிவத்தில் கட்டங்கள் இருந்தன. ஆபீஸுக்குக் கீழேயே சாப்பாட்டுக் கடை இருக்கிறது. சோற்றுக்காக மட்டும் தாண்டுகிறேன் என்று சொல்ல முடியாது, அதனால் ‘மற்றவை’யில் குறி போட்டேன்.

முப்பது வருடம் லோரி ஓட்டிய உங்களுக்கு, ரோட்டில் குறுக்கே ஓடுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. கோபம் ஆறியதும் உங்கள் பழைய வெஸ்ட்டை, அந்தப் பளபளக்கும் பட்டை வைத்ததை, அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நானே துவைத்துக்கொள்கிறேன்.

ஆன்டி எதிர்ப்பக்கம் நின்று கையாட்டுகிறார், சோறு ஆறிவிடும். இரண்டு பக்கமும் பார்த்துத்தான் தாண்டுவேன், அப்பா.

தாமரை